ரிப்பேர் மேசையில் பிறந்த ஓசை

1950களின் நடுவில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் செய்யப்பட்ட ஒரு ஃபெண்டர் டீலக்ஸ் கிதார் ஆம்ப்ளிஃபயரின் முதுகுப் பலகையில் சில திருகுகளைக் கழற்றினால் போதும், அதன் வயிறு முழுவதும் கண்முன்னே வந்துவிடும். கறுப்பு நார் அட்டை ஒன்று, அதன் விளிம்போரங்களில் வரிசையாகப் பித்தளைக் கண்கள். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு ரெசிஸ்டரின் காலோ மஞ்சள் நிறக் கண்டன்சரின் காலோ நுழைந்து, ஈயப்பற்றில் உறைந்து நிற்கும். அட்டையிலிருந்து வால்வுகளின் சாக்கெட்டுகளுக்குத் துணி சுற்றிய ஒயர்கள் ஓடும். அந்த ஒயரின் நுனியைக் கத்தியால் சீவ வேண்டியதில்லை. துணியை விரலால் பின்னுக்குத் தள்ளிப் பற்றவைத்து, மறுபடி முன்னுக்கு இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. பல பெட்டிகளில் சேசிஸின் ஓரத்தில் ஒரு காகித நாடாத் துண்டு ஒட்டியிருக்கும். அதில் கையால் எழுதிய ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். அத்தனை இணைப்புகளையும் பற்றவைத்தவர் அவர். இந்தப் பெட்டியை இன்று உலகின் பல மூலைகளில், தங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு கண் விடாமல் அப்படியே மறுபடி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் அந்தக் காலத்து ஓசைக்காக என்பார்கள். அந்தப் பதில் பாதி உண்மைதான். வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கையால் கட்டும் வழக்கம் ரேடியோ ரிப்பேர்காரர்களிடமிருந்து வந்தது. ஓசையோடு சேர்த்து அவர்கள் நமக்கு விட்டுப்போனது, திறந்து பார், புரிந்துகொள், நீயும் செய்துபார் என்கிற அனுமதி. இந்த வரலாற்றில் காப்பாற்றத் தகுந்தது எதுவென்றால் அந்த அனுமதியைத்தான் சொல்வேன்.

வால்வு என்ற சொல் பிரிட்டன் வழியாக நம்மிடம் வந்தது. வால்வு ரேடியோ என்றால் இன்றும் நம்மூரில் பெரியவர்களுக்குப் புரியும். அதையே அமெரிக்கர்கள் ட்யூப் என்பார்கள். 1904இல் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் இரண்டு மின்முனைகள் கொண்ட வால்வைச் செய்தார். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் நடுவே மூன்றாவதாக ஒரு கம்பி வலையை நுழைத்தார். சூடேறிய கேத்தோடிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள், எதிரே உயர் மின்னழுத்தத்தில் நிற்கும் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. நடுவிலுள்ள வலையில் சின்னதாக ஒரு மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால் அந்தப் பெரிய பாய்ச்சல் கூடிக் குறைகிறது. மதகுக் கதவைத் திருகுகிற கை மெலிந்ததாக இருக்கலாம், பாய்கிற தண்ணீர் பெரிது. 1930களில் அமெரிக்க வீடுகளில் ரேடியோ நிறைந்தபோது இந்த வால்வுக்குள் இருந்த ஒரு குறையே பெரிய தொழிலை உண்டாக்கிற்று. பல்பைப் போலவே வால்வும் தேய்ந்து போகும். அதனால் அதைச் சாக்கெட்டில் செருகி எடுக்கும்படி அமைத்தார்கள். பின்னாளில் மருந்துக் கடைகளில்கூட வால்வு சோதிக்கும் எந்திரத்தை வைத்தார்கள். வால்வு செய்த ஆர்.சி.ஏ. போன்ற நிறுவனங்கள், வாங்குகிறவர்களுக்கு உதவ அவ்வப்போது கையேடுகள் வெளியிட்டன. அவற்றின் கடைசிப் பக்கங்களில், இந்த வால்வை வைத்து இப்படியொரு ஆம்ப்ளிஃபயர் கட்டலாம் என்று முழுச் சுற்றுப்படமே அச்சிட்டிருக்கும். வால்வு விற்க வேண்டுமென்றால் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் பெருக வேண்டும். அந்த வணிகக் கணக்கால் ஒரு தலைமுறைக்கு மின்னணுவியல் ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்தது.

லியோ ஃபெண்டர் அந்தத் தலைமுறைக்காரர். படித்தது கணக்கியல், செய்தது கணக்கெழுதும் வேலை. 1938இல் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். ரேடியோவோடு மைக் செட்டும் ரிப்பேர் செய்தார், வாடகைக்கும் விட்டார். அந்த வட்டாரத்து இசைக்காரர்கள் தங்கள் ஹவாயன் ஸ்டீல் கிதார்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் கொண்டுவந்து போட்டார்கள். எந்த இணைப்பு விடுகிறது, எந்த டிரான்ஸ்பார்மர் கருகுகிறது, எந்த ஸ்பீக்கர் கிழிகிறது என்பதை அவர் தெரிந்துகொண்டது இந்த மேசையில்தான். டாக் காஃப்மனோடு சேர்ந்து 1945இல் கே அண்ட் எஃப் என்ற பெயரில் கருவிகள் செய்தார். 1946இல் தனியே ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருக்கு கிதார் வாசிக்கத் தெரியாது. இசைக்காரரின் காதைவிட ரிப்பேர்காரரின் கண்ணே அவருடைய முதலீடு. 1950இல் வந்த அவருடைய கிதாரைப் பார்த்தாலும் இது விளங்கும். அதுவரை நல்ல கிதார் என்றால் கழுத்தை உடம்போடு வஜ்ஜிரம் போட்டு ஒட்டுவார்கள். அவர் நாலு திருகில் முடுக்கினார். கழுத்து கெட்டால் கழற்றிவிட்டு வேறு கழுத்தை மாட்டிக்கொள்ளலாம். ஆம்ப்ளிஃபயரிலும் அதே புத்திதான் வேலை செய்தது. முதுகைத் திறந்தால் சுற்று நேரே தெரிய வேண்டும். கெட்ட பாகத்தை மட்டும் எடுத்துவிட்டு, பக்கத்துப் பாகத்தைத் தொடாமல் புதியதை வைக்க முடிய வேண்டும்.

ஃபெண்டரின் மிகச் சிறிய பெட்டியான சாம்ப்பை எடுத்துக்கொண்டால் இந்த எளிமை எவ்வளவு தூரம் போனது என்று தெரியும். 1950களின் பிற்பகுதிச் சாம்ப்பில் மூன்றே வால்வுகள். முதலாவது 12ஏஎக்ஸ்7, ஒரே கண்ணாடிக்குள் இரண்டு மும்முனை வால்வுகள். கிதார் கம்பியின் அதிர்விலிருந்து வருவது ஒரு வோல்ட்டின் சிறு பின்னம். முதல் பாதி அதைச் சுமார் ஐம்பது அறுபது மடங்கு பெருக்கும், இரண்டாம் பாதி மறுபடி பெருக்கும். அடுத்து 6வி6, இதுதான் ஸ்பீக்கரைத் தள்ளுகிற வால்வு, கிடைப்பது ஐந்து வாட் அளவுக்கு. மூன்றாவது 5ஒய்3, சுவரிலிருந்து வரும் மாறுமின்சாரத்தை நேராக்கித் தரும். நடுவே ஒரு டிரான்ஸ்பார்மர். வால்வுக்குச் சில ஆயிரம் ஓம் சுமை வேண்டும், ஸ்பீக்கரிடம் இருப்பதோ ஒற்றை இலக்க ஓம். இரண்டுக்கும் நடுவே தரகு பேசுவது அதன் வேலை. வால்வுகள் தவிர உள்ள ரெசிஸ்டர்களையும் கண்டன்சர்களையும் ஐந்து நிமிடத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். கம்பியில் தட்டிய ஒலி எந்த வழியாக நுழைந்து எங்கே பெருகி எப்படி வெளியே வருகிறது என்பதை, ஒரு சாதாரண மனிதர் ஒரு வாரம் உட்கார்ந்தால் முழுக்க மனதில் வாங்கிவிட முடியும். நம்மைச் சுற்றியுள்ள எத்தனை கருவிகளைப் பற்றி இன்று இப்படிச் சொல்ல முடியும்?

இந்தத் திறந்த தன்மையால் விளைந்தது என்ன என்பதற்கு மேற்கு லண்டனில் சான்று இருக்கிறது. 1950களில் பெரும்பகுதியும் அமெரிக்க இசைக்கருவிகளை இறக்குமதி செய்ய பிரிட்டனில் தடை இருந்தது. தடை நீங்கிய பிறகும் ஃபெண்டர் பெட்டியின் விலை இளம் இசைக்காரர்களுக்கு எட்டாத உயரத்தில் நின்றது. டிரம் கற்றுத்தந்த ஜிம் மார்ஷல் 1960இல் ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை திறந்தார். கடைக்கு வந்த கிதார்காரர்கள் கேட்டதைச் செய்துதர, கடையின் ரிப்பேர்காரர் கென் பிரானும் பதின்வயது முடியாத டட்லி கிரேவனும் 1962இல் முயன்றார்கள். முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது ஃபெண்டரின் பேஸ்மன், 5எஃப்6-ஏ என்ற சுற்று. பெயரே சொல்வதுபோல அது பேஸ் கிதாருக்காகச் செய்யப்பட்டது. பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு கொண்டது. அந்தச் சுற்றை ஏறக்குறைய அப்படியே எடுத்தார்கள். ஆனால் பாகங்கள் பிரிட்டனில் கிடைத்தவையாகத்தான் இருக்க முடிந்தது. பேஸ்மனின் முதல் சாக்கெட்டில் இருந்தது 12ஏஒய்7. இவர்கள் எங்கும் எளிதாகக் கிடைத்த ஈசிசி83ஐச் செருகினார்கள். இதன் பெருக்கும் திறன் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஸ்பீக்கர்களுக்குச் செலஸ்டியனின் பன்னிரண்டு அங்குல வகையை எடுத்தார்கள். ஒன்றிரண்டு போட்டால் கிழிந்துவிடும் என்பதால் நான்கைச் சேர்த்து, முதுகு மூடிய பெட்டியில் அடைத்தார்கள். சில காலத்தில் ஸ்பீக்கரைத் தள்ளும் வால்வுகளும் பிரிட்டிஷ் கேடி66 ஆயின. அப்படிப் பிறந்தது ஜேடிஎம்45. காகிதத்தில் அது பேஸ்மனின் நகல். காதில் வேறொரு பிராணி. 1966இல் ஜான் மயாலின் குழுவோடு எரிக் கிளாப்டன் ஒலிப்பதிவு செய்த கிதார் ஓசையும், பின்னால் வந்த பிரிட்டிஷ் ராக் இசையின் பெரும்பகுதியும் இந்த நகலிலிருந்து கிளைத்தவை. சுற்று மூடி முத்திரை வைத்த ரகசியமாக இருந்திருந்தால் ஹான்வெல்லில் எதுவும் நடந்திருக்காது.

இங்கே முதல் மறுப்பு எழும். இவையெல்லாம் பின்னணி, வால்வை விரும்புகிறவர்கள் ஓசைக்காகத்தானே விரும்புகிறார்கள் என்பார்கள். ஓசை உண்மையானதுதான், மறுக்கவில்லை. தாங்கும் எல்லைக்கு மேல் வால்வைத் தள்ளினால் அது அலையின் தலையை ஒரேயடியாக வெட்டுவதில்லை, மெல்ல அமுக்கி உருட்டுகிறது. கம்பியை ஓங்கி அடித்தால் 5ஒய்3 போன்ற வால்விலிருந்து வரும் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து, மறுபடி எழும். ஓசையும் மூச்சு வாங்கி எழுவதுபோல் இருக்கும். ஆனால் இந்த இனிமையை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. லியோ ஃபெண்டர் தேடியது கலங்காத ஓசையை. கலக்கம் அவருக்குப் பழுது, ஒவ்வொரு மாற்றத்திலும் அதை விரட்டத்தான் பார்த்தார். பழுதை இசையாக்கியவர்கள் வாசித்தவர்கள். 1958இல் லிங்க் ரே ஸ்பீக்கர் காகிதத்தில் ஓட்டை போட்டு ஒலியைக் கரகரக்க வைத்தார்; 1964இல் லண்டனில் டேவ் டேவிஸ் தன் சிறிய ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரைப் பிளேடால் கீறினார். திறக்க முடிந்த பெட்டி என்பதால் அவர்களால் கைவைக்க முடிந்தது. ஆகவே ஓசை என்கிற பதிலைத் தோண்டினாலும் அடியில் தட்டுப்படுவது அதே திறந்த தன்மைதான். மேலும், 1998இல் வந்த லைன் 6 பாட் தொடங்கி, கணினிச் சில்லுக்குள்ளேயே பழைய பெட்டிகளின் ஓசையைப் போலச் செய்யும் கருவிகள் ஆண்டுக்காண்டு தேறிவருகின்றன. ஓசை மட்டுமே காரணமாக இருந்திருந்தால் கையால் கட்டும் வழக்கம் அவற்றோடு மெல்ல அடங்கியிருக்கும். அடங்கவில்லை.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. எனக்கு இதன்மேல் மரியாதை அதிகம். கைவேலை என்று இன்று கொண்டாடுகிறோமே, ஃபெண்டர் தொழிற்சாலையில் அது கலையாக நடந்ததா? இல்லை. அன்றைக்குச் சிறு தொழிற்சாலைக்கு மலிவாகவும் வேகமாகவும் கைகூடிய முறை அது. பற்றவைத்தவர்களில் பலர் மெக்சிகோ வழிவந்த பெண்கள். நாள் முழுக்க வரிசையில் உட்கார்ந்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்த கூலித் தொழிலாளிகள். கிதாரில் மின்காந்தச் சுருள் சுற்றியவர்களிலும் பெண்கள் பலர். இவர்களில் சிலர் பெயரைத்தான் காகித நாடா சொல்கிறது. பெரும் கலைஞர் ஒருவர் மனோதர்மத்தில் செதுக்கிய கருவி என்று இதைப் போற்றுவது, அந்தப் பெண்களின் உழைப்பை இரண்டாவது தடவை மறைப்பதாகும். இந்த உண்மை என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. பயிற்சி கொடுத்தால் யாரும் கற்றுக்கொள்ளத் தகுந்த முறையாக இருந்ததால்தான் அத்தனை பேர் அதைச் செய்ய முடிந்தது. எந்தக் கண்ணில் எந்தக் கால் என்பதைப் படமாக வரைந்து காட்டும் தாளை ஃபெண்டர், சுற்றுப்படத்தோடு சேர்த்து வெளியிட்டது. இன்று வீட்டில் கட்டுகிறவர் முன்னால் விரித்து வைத்துக்கொள்வது அதே தாளைத்தான். ஆசாரி ரகசியம் என்று ஒன்று அங்கே எப்போதும் இருந்ததில்லை.

மூன்றாவது, பொறியியல் தெரிந்தவர்களின் மறுப்பு. அச்சடித்த சுற்றுப் பலகையில் பாகங்களை வைத்தால் ஒவ்வொரு பெட்டியும் ஒரே மாதிரி வரும், இரைச்சல் குறையும், கைப்பிழை நுழையாது. மின்சாரத்துக்கு ஒயர் என்றும் அச்சுத்தடம் என்றும் பேதம் கிடையாது என்பார்கள். முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஒயரில் கட்டியது என்பதாலேயே ஒரு பெட்டி நன்றாகப் பாடும் என்பது மூடநம்பிக்கை. வேறுபாடு முப்பது ஆண்டுக்குப் பிறகு தெரியும். வால்வு சுடுகிற பொருள். சாக்கெட்டுகளையும் வால்யூம் திருகுகளையும் நேரே மெல்லிய பலகையில் பற்றவைத்த பெட்டிகளில், சூடும் செருகி எடுக்கும் அழுத்தமும் சேர்ந்து அச்சுத்தடத்தை உரித்துவிடும். ஒரு திருகை மாற்ற முழுப் பலகையையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். கண்கள் பதித்த அட்டையில் கெட்டதை மட்டும் எடுத்துப் புதியதை வைப்பதற்கு ஒரு சால்டரிங் அயர்ன் போதும். மின்தேக்கும் பெரிய கண்டன்சர்கள் உலர்ந்துபோக, அவற்றை இரண்டு மூன்று தடவை மாற்றி, எழுபது வயதை நெருங்கும் பெட்டிகள் இன்றும் மேடையில் ஒலிக்கின்றன. 1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனத்தை ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ். 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களை இறக்கியது. அவை சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. டிரான்சிஸ்டரால் நல்ல ஆம்ப்ளிஃபயர் செய்ய முடியாது என்பதற்கு இது சாட்சியாகாது. பழைய பெட்டியைப் பழுது நீக்கி வைத்துக்கொள்ள முடிந்த மக்களுக்குப் புதியதை வாங்க அவசரம் இருக்கவில்லை என்பதை மட்டும் கவனிக்கலாம்.

நாலாவதாக, நகலெடுப்பது திருட்டில்லையா என்ற கேள்வி. பெயரையும் முத்திரையையும் திருடி, புதுப்பெட்டியைப் பழையது என்று விற்பது திருட்டு, சந்தேகமே வேண்டாம். சுற்றை எடுத்தாளுவது வேறு கதை. தொடக்ககால ஃபெண்டர் பெட்டிகளுக்குள் ஒட்டிய சீட்டு, வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் காப்புரிமைகளுக்கு உரிமம் பெற்றதைச் சொல்கிறது. லியோ ஃபெண்டரின் சுற்றுகளின் அடிப்படைகள் வால்வுக் கையேடுகளில் ஊர்ப்பொதுவாகக் கிடந்தவை. அவரிடமிருந்து மார்ஷல் எடுத்தார். மார்ஷலிடமிருந்து அடுத்த தலைமுறை எடுத்தது. எதிர்வழியில் போனவரும் ஒருவர் உண்டு. கலிஃபோர்னியாவின் ஹவர்ட் டம்பிள் தன் ஆம்ப்ளிஃபயர்களின் சுற்றின்மேல் கெட்டியான பிசினை ஊற்றி மூடினார், யாரும் பார்த்துவிடக் கூடாதென்று. 2022இல் அவர் மறைவதற்கு முன்பே அவருடைய பெட்டிகள் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி விலைபோயின. பிசினைச் சுரண்டிச் சுற்றை வரைந்தவர்களும் இருந்தார்கள். டம்பிளின் திறமை பெரிது. உழைத்தவர் தன் உழைப்பைக் காத்துக்கொள்ள விரும்பியதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் விளைவை ஒப்பிட்டால் நியாயம் தெளிவாகும். மூடிய பெட்டி சிலருக்குப் பொக்கிஷமாயிற்று, திறந்த பெட்டி ஒரு மரபாயிற்று.

கடைசியாக, இன்றைய கிட் வாங்கிக் கட்டுகிறவர்களை ஏளனமாகப் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு. பாகங்களைப் பையில் போட்டு அனுப்புகிறார்கள், படத்தைப் பார்த்துப் பற்றவைக்கிறார்கள், இதில் கற்க என்ன இருக்கிறது என்று. கற்பது பற்றவைத்து முடித்த பிறகுதான் தொடங்குகிறது. சுவிட்சைப் போட்டால் பெட்டி ரீங்கரிக்கும். ஏன்? வால்வுகளைச் சூடேற்ற 6.3 வோல்ட் மாறுமின்சாரம் ஓடுகிற இரண்டு ஒயர்களும் பிரிந்து கிடக்கின்றன. அவற்றை இறுக்கமாகப் பின்னி, சேசிஸின் மூலையோரமாகக் கொண்டுபோனால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழிக்கும், ரீங்காரம் அடங்கும். கிதாரிலிருந்து வரும் ஒயரை ஒரு குச்சியால் இரண்டு விரற்கடை தள்ளிவிட்டால் ஒரு கீச்சொலி மறையும். இப்படி ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கும்போது படத்திலிருந்த கோடுகள் பொருள் பெறுகின்றன. கூடவே ஒழுக்கமும் வருகிறது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களுக்குள் 350, 400 வோல்ட் காத்திருக்கக்கூடும். அது ஆளைக் கொல்லும். ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் அளந்து பார்த்த பிறகே உள்ளே கைவைக்க வேண்டும்; உயிருள்ள சுற்றில் அளக்க நேர்ந்தால் ஒரு கை சட்டைப்பையில் இருக்க வேண்டும், இரண்டு கைக்கும் நடுவே நெஞ்சு இருப்பதால். ரேடியோ மெக்கானிக்குகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த விதி இது. கிட் கட்டுகிறவர், தான் அறியாமலே, அந்தத் தொழிலின் கடைசி மாணவராகச் சேர்ந்துவிடுகிறார்.

இந்த மரபின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. அட்டையையும் பெட்டியையும் வீட்டில் செய்துவிடலாம், டிரான்ஸ்பார்மரைக்கூட உள்ளூரில் சுற்றலாம்; வால்வை வீட்டில் செய்ய முடியாது. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஊரில் மல்லார்ட் நடத்திய பெரும் ஆலை உட்பட மேற்கத்திய ஆலைகள் 1980கள் முடிவதற்குள் பெரும்பாலும் நின்றுபோயின. இன்று கிதார் வால்வுகள் வருவது முக்கியமாக ரஷ்யாவின் சராத்தோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்சா, பிறகு சீனா. 2022இல் போரை ஒட்டி ரஷ்ய ஏற்றுமதிக்குத் தடை என்ற செய்தி வந்ததும் வால்வு விலை ஏறியது, இருப்பு கரைந்தது. தொழிலைத் தாங்கும் பிடிமானம் இத்தனை மெல்லியது. எதைக் காப்பாற்றுவது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் அதனாலேயே கூடுகிறது. மஞ்சள் டுவீட் துணியும் பழைய எழுத்தில் பெயர்ப்பலகையும் காப்பாற்ற எளிது. நல்ல தொழிற்சாலை எதுவும் அவற்றை அச்சாக வார்த்துத் தரும். 1990இல் ஃபெண்டரே 1959ஆம் ஆண்டின் பேஸ்மனை மறுபடி வெளியிட்டபோது, துணியும் வடிவமும் பழையவை, உள்ளே இருந்தது அச்சுப் பலகை. நன்றாக ஒலித்த பெட்டிதான் அது. ஆனாலும் முதுகைத் திறந்தவருக்கு அது கற்றுத்தந்தது குறைவு.

ஆகவே பழைய பாணியில் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவருக்கு இந்த வரலாறு சொல்வது இதுதான் என்று நினைக்கிறேன். எந்தக் கண்டன்சர் எந்த ஆண்டு நிறத்தில் இருக்க வேண்டும் என்ற கவலையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். கட்டி முடித்ததும் சுற்றுப்படத்தை வரைந்து, எந்த இடத்தில் எத்தனை வோல்ட் என்று அளந்து குறித்து, முதுகுப் பலகையின் உட்புறத்தில் ஒட்டிவைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு காகித நாடாத் துண்டில் தன் பெயரை எழுதலாம், ஃபுல்லர்டனில் அந்தப் பெண்கள் எழுதியதுபோல. இன்னும் நாற்பது ஆண்டு கழித்து அந்தப் பெட்டி ஊமையாகி யாரோ ஒருவர் மேசைக்கு வரும். அவர் திருகுகளைக் கழற்றியதும் முதலில் படிப்பது அந்தத் தாளாக இருக்கும்.